சாக்கிசிலிச் சந்தையில் அன்ரன்

9 அக்டோபர், வியாழன். ஆஹென்

காலையிலிருந்து தூறல். ஆறு மணி ஷிஃப்ட். மென்சாவில் புது மாணவர் கூட்டம், தட்டுகள் மலை மலையாக. பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடத்தில் பதினாறு வருடமாகத் தட்டுக் கழுவுகிறேன். அக்டோபர் வந்தால் ஒவ்வொரு முறையும் முதல் நாள் மாதிரித்தான். வலது மணிக்கட்டு வீக்கம். களிம்பு வாங்க வேண்டும்.

இடைவேளையில் சுகன்யா வந்து பக்கத்தில் இருந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, இங்கே எஞ்சினியரிங் படிக்கிறாள், கிழமைக்கு இரண்டு நாள் எங்களோடு வேலை. விடுமுறைக்குத் தென்னமெரிக்கா போய் வந்தவள். போனில் படம் காட்டினாள். மலை. தொப்பி போட்ட பெண்கள். மறுபடி மலை.

"அக்கா, இதப் பாருங்களேன். ஈக்வடார்ல ஒரு சின்ன டவுன், சாக்கிசிலின்னு பேரு. வியாழக்கிழமை சந்தை. அங்க ஒருத்தர் வடை போட்டுட்டு இருந்தாரு! நான் அப்படியே ஷாக் ஆயிட்டேன். தமிழான்னு கேட்டேன், தலைய ஆட்டினாரு. உங்க ஊர்த் தமிழ்தான் பேசினாரு. ரொம்ப பேசல. காசு குடுத்தேன், வாங்கவே மாட்டேன்னுட்டாரு."

படத்தைப் பெரிதாக்கினாள். எண்ணெய்ச் சட்டி. அதன் பின்னால் கறுப்புத் தொப்பியோடு ஒருவன். கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. மீசையில் நரை.

அன்ரன். என் தம்பி.

"வடிவாய் இருக்கு" என்றேன். படத்தை அனுப்பச் சொன்னேன். மிச்ச நேரமெல்லாம் கத்தி, முள்ளுக்கரண்டி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். மேற்பார்வைக்காரி கத்தியபோதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து படத்தை முப்பது தரமாவது பார்த்திருப்பேன். அவன்தான்.

11 அக்டோபர், சனி

மழை விட்டது. சன்னல் துடைத்தேன். பிறகு திரும்பவும் துடைத்தேன்.

எழுதி வைக்கிறேன். யாருக்கும் சொன்னதில்லை.

பதின்மூன்று வருடத்துக்கு முதல் அன்ரன் மன்னாரிலிருந்து கனடாவுக்கு என்று புறப்பட்டான். சண்டை முடிந்து, முகாமில் ஒரு வருடம் இருந்து, வெளியே வந்த பிறகும் அவனைக் கொண்டுபோக ஆட்கள் தேடி வந்துகொண்டிருந்த காலம். ஈக்குவடோர் வரைக்கும் கொண்டுவந்து விட்ட ஏஜென்ட் அங்கே காணாமல் போய்விட்டான். அன்ரன் எனக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, நான் ஜெர்மனிக்கு வரட்டோ? ஒரு வழி இருக்கெண்டு சொல்லுகினம். உங்கடை வீட்டிலை ஒரு கிழமை நிண்டிட்டு, போய் அகதி விண்ணப்பம் போடுறன்."

அப்போது எங்கள் ஜெர்மன் பிரஜாவுரிமை விண்ணப்பம் ஒபீசில் கிடந்தது. பன்னிரண்டு வருடம் காத்திருந்து போட்டது. களவாக வந்த தம்பி வீட்டில் நின்றால் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அப்படி ஒரு சட்டமே இல்லை என்று பிறகு தெரிந்தது. அப்போது கேட்டுப் பார்க்கவில்லை.

"ஏலாது தம்பி. எங்கடை அலுவல் ஒண்டும் முடியேல்லை. நீ திரும்பிப் போ."

"எங்கை அக்கா?"

"ஊருக்குத்தான்."

எங்கே போகச் சொல்கிறேன் என்று தெரிந்துதான் சொன்னேன். நான்தான் போனை வைத்தேன். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மா கேட்டா: "தம்பி போய்ச் சேந்திட்டானோ?" ஓம் என்றேன். வாயில் வந்தது அதுதான். ஒரு ஓமுக்குப் பிறகு நிறைய ஓம். கனடாவில் அவனுக்கு வேலை. இரண்டு வேலை. அதுதான் போன் எடுக்க நேரமில்லை. பிறகு கார். வீடு. ஒரு கிறிஸ்மஸுக்கு அவன் பனியில் விழுந்து கால் சுளுக்கியதாகக்கூடச் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் "சரி பிள்ளை, சரி பிள்ளை" என்றா.

மூன்று வருடத்துக்கு முதல் அம்மா செத்துப்போனா. அவன் கனடாவில் இருக்கிறான் என்ற நினைப்போடு போய்விட்டா.

அவனுக்கு அம்மா இல்லை என்பதே தெரியாது.

14 அக்டோபர், செவ்வாய்

இவரிடம் படத்தைக் காட்டினேன். என் புருஷன் பஸ் டிப்போவில் பஸ் கழுவுகிறவர், பேச்சு குறைவு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அன்ரன் தான். மெலிஞ்சு போனான்."

"போய்ப் பாக்கப் போறன்."

"போ. நானும் வரட்டோ?"

"வேண்டாம்."

ஏன் வேண்டாம் என்று கேட்கவில்லை. அன்ரன் திடீரென்று தொடர்பை விட்டான் என்பதுதான் இவருக்குத் தெரியும். அந்தப் போன் கதை தெரியாது.

சுகன்யாவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க சொந்தத் தம்பியா? அய்யோ அக்கா, நான் அவரோட நம்பர் வாங்கியிருக்கலாம்ல. மடச்சி நான்." அழப் பார்த்தாள். நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மேசைக்கு முன்னால் இருந்து விமான டிக்கெட் எல்லாம் பதிந்து தந்தாள். பிராங்பர்ட், மட்ரிட், கீட்டோ. பதினைந்து நாள் லீவு; மேற்பார்வைக்காரி முகம் சுளித்துக்கொண்டே கையெழுத்து.

கொண்டுபோக: தலையிடிக் குளிசை, சப்பாத்து (பழையது), குளிர்ச்சட்டை 2, அம்மாவின் செத்தவீட்டுப் படம் – வேண்டாம் – வேண்டும், சீரகம், கறிவேப்பிலை காயவைத்தது.

இலக்கம் இல்லை, விலாசம் இல்லை. ஒரு சந்தை, ஒரு கிழமை நாள். அந்த வியாழன் அவன் வராவிட்டால்?

28 அக்டோபர், செவ்வாய். கீட்டோ

கால் வீக்கம். விமானத்தில் பக்கத்தில் இருந்த கிழவன் பதினொரு மணித்தியாலம் என் தோளில் நித்திரை.

இங்கே நல்ல வெயில், ஆனால் நிழலில் நின்றால் குளிர். ஒரே தெருவில் இரண்டு காலநிலை. இரண்டு மாடிப் படி ஏறவே மூச்சு முட்டுகிறது. விடுதிப் பெண் ஏதோ இலைத் தேநீர் தந்தாள், மலைக்கு நல்லதாம். போனில் ஜெர்மனில் எழுதினால் அது ஸ்பானியத்தில் பேசும். இந்த வசதி அன்றைக்கு அவனிடம் இருந்திருக்காது. எப்படிச் சமாளித்தான்?

இந்த ஊரில்தான் எங்கோ ஒரு போன் கூண்டில் நின்று எனக்குப் போன் எடுத்தவன்.

29 அக்டோபர், புதன். சாக்கிசிலி

பஸ், இன்னொரு பஸ். வழி முழுக்க ஒரு பக்கம் முகில். ஓரிடத்தில் முகில் விலக, வெள்ளை மலை ஒன்று வானத்தின் பாதி உயரத்தில். பஸ்ஸில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோழிக்குஞ்சுப் பெட்டியை மடியில் வைத்திருந்த பெண் எனக்கு அவித்த சோளம் ஒரு பிடி தந்தா. பெரிய பெரிய மணி, பல் மாதிரி. உப்பில்லை. நல்லாய் இருந்தது.

சிறிய ஊர். தேவாலயம், சதுக்கம், மூடிய கடைகள். நாளைக்குத்தான் எல்லாமாம். அறை மேல்மாடியில். தலையிடி, குளிசை இரண்டு. படத்தை இன்றைக்கு ஒருவரிடமும் காட்டவில்லை. காட்டியிருக்கலாம். சின்ன ஊர், யாராவது வீட்டையே காட்டியிருப்பார்கள். கை போகவில்லை.

30 அக்டோபர், வியாழன்

விடிய முதலே லொறிச் சத்தம், ஆட்டுச் சத்தம். ஆறரைக்கு இறங்கினேன். நேற்றைய ஊர் இல்லை இது. ஒரு சந்தை என்று நினைத்திருந்தேன். ஊரில் எத்தனை சதுக்கம் உண்டோ அத்தனை சந்தை. ஒன்றில் உருளைக்கிழங்கு மட்டும்: மஞ்சள், ஊதா, கறுப்பு, விரல் மாதிரி, கல்லு மாதிரி. ஒன்றில் தானியம். ஒன்றில் கயிறும் பாயும் கூடையும். ஆடு, மாடு, லாமா எல்லாம் ஊருக்கு வெளியே. பெண்கள் தலையில் இறகு செருகிய தொப்பி, முதுகில் சால்வையில் கட்டிய மூட்டை. மூட்டைக்குள் கிழங்கா பிள்ளையா என்று கிட்டப் போனால்தான் தெரியும்.

முதல் சதுக்கத்தில் காணவில்லை. இரண்டாவதிலும் இல்லை. கயிறு விற்ற ஒரு பெண்ணிடம் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் சிரித்தா. "ஆ, எல் இந்து!" கையை நீட்டி, சாப்பாட்டுப் பக்கம். இந்தியப் பக்கத்து ஆளை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம், போன் சொன்னது. மன்னாரில் ஞானஸ்நானம் எடுத்து, பூசைக்கு மணி அடித்துத் திரிந்தவனுக்கு இந்து என்று பட்டம்.

சாப்பாட்டுப் பக்கம். முழுப் பன்றி, பொன்னிறமாகச் சுட்டு, வாயில் மிளகாயோடு படுத்திருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் ஒன்று. அதன் பின்னால் ஒவ்வொரு பெண், கையாலேயே பிய்த்து நீட்டுகிறா, ருசி பார் என்று. ஊதா நிறத்தில் தடிப்பான கஞ்சி, ஆவி பறக்க. பிள்ளைச் சாயலில் மாவில் சுட்ட பாண், கண், மூக்கு, சட்டை எல்லாம் நிறச் சீனியில். ஆன்மாக்கள் திருநாளுக்காம். ஞாயிறு. எங்களுக்கும் அதே நாள்தான்.

அப்போது சத்தம் கேட்டது. "பாடே! பாடே! காலியென்த்தே!"

அவன் குரல். வடை என்பதைத்தான் பாடே என்கிறான்; மற்றது சுடச்சுட என்று.

பத்தடி தூரத்தில் நின்றேன். தொப்பி, ஏப்ரன். கை வேகம். பக்கத்தில் ஒரு பெண் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக்கொண்டு. வரிசையில் ஏழெட்டுப் பேர். எவ்வளவு நேரம் நின்றேனோ. திரும்பி நடந்துவிட்டேன்.

கைவேலைச் சதுக்கம். சால்வை, கம்பளித் தொப்பி, தோலில் தீட்டிய சின்னச் சின்னப் படங்கள்: மலை, திருவிழா, பறக்கும் கழுகு. ஒரு சால்வையை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். விற்கிற பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு முக்காலியைத் தள்ளி வைத்தா. இருந்தேன். சால்வை நெய்ததில் எங்கேயும் பிசிறில்லை. ஆறாயிரம் மைல் வந்து சால்வைக்குப் பின்னால் ஒளித்திருக்கிறேன் என்று நினைக்க வெட்கமாக வந்தது. அதை வாங்கிப் போர்த்திக்கொண்டு திரும்பவும் போனேன். வரிசையில் நின்றேன்.

என் முறை. நிமிராமலே ஸ்பானியத்தில் கேட்டான், எத்தனை என்று.

"ரெண்டு" என்றேன்.

இரண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்தான். நீட்டிய கை பாதியில் நின்றது. நிமிர்ந்தான்.

பின்னால் நின்றவர் ஏதோ முணுமுணுத்தார்.

"சுடுது. பாத்துச் சாப்பிடுங்கோ" என்றான்.

நான் கடித்தேன். அழுகையும் காரமும் ஒன்றாக வந்தது. அவன் அகப்பையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, மேசையைச் சுற்றி வெளியே வந்து, என் முன்னால் நின்றான். கட்டிப்பிடிக்கவில்லை. சால்வையின் நுனி நிலத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. குனிந்து அதை எடுத்து என் தோளில் போட்டுவிட்டான்.

"ஆர் சொன்னது?"

"வடை சாப்பிட்ட பிள்ளை ஒண்டு."

"தனியவோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"இதிலை இருங்கோ. சனம் நிக்குது. மத்தியானம் முடிஞ்சிடும்."

ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தான். நான் அதில் இருந்து, அவன் வடை போடுவதை ஐந்து மணித்தியாலம் பார்த்தேன்.

31 அக்டோபர், வெள்ளி

நல்ல வெயில். அன்ரன் வீட்டில். ஊரிலிருந்து கொஞ்சம் மேலே, கட்டிடக் கல்லு வீடு, தகரக் கூரை, பின்னால் கிழங்கு.

சந்தையில் பக்கத்தில் நின்ற பெண்தான் அவன் பெண்சாதி, பெயர் லூஸ். சிரிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்ரனே தொடங்கினான்.

"சந்தையிலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தனான். இவவின்ரை பேர் என்னெண்டு கேட்டன், லூஸ் எண்டா. நான் விழுந்து விழுந்து சிரிச்சன். என்ரை மொழியிலை விசரெண்டு அர்த்தமெண்டு கையாலை காட்டினன். தன்ரை மொழியிலை வெளிச்சமாம். அதிலைதான் கதை தொடங்கினது."

லூஸுக்கு இது தன்னைப் பற்றிய கதை என்று தெரியும். தேநீர் ஊற்றிக்கொண்டே தலையை ஆட்டிச் சிரித்தா. பிள்ளைகள் இல்லை. நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

வடைக்கு இங்கே கடலைப் பருப்பு இல்லை. சோச்சோ என்று ஒரு வெள்ளைப் பயறு. நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்தால்தான் கசப்புப் போகும். முதலில் பட்டாணியில் போட்டானாம், ஒருவரும் வாங்கவில்லை. சோச்சோவில் போட்டதும் சனம் தங்கள் சாப்பாடு என்று எடுத்துக்கொண்டது. நான் கொண்டுவந்த கறிவேப்பிலையை மூக்கில் வைத்துக்கொண்டே இருந்தான்.

பின்னேரம் வாசலில் இருந்தோம். இனியும் பின்போட ஏலாது என்று தொடங்கினேன்.

"தம்பி, அம்மா..."

"தெரியும் அக்கா."

"எப்பிடி?"

"அண்டைக்கே தெரியும். யோகம்மாக்கா போன் எடுத்தவ."

யோகம்மாக்கா அம்மாவின் பக்கத்து வீடு. ஞாயிறு காலைப் பூசை முடிந்து அம்மா அங்கே போயிருப்பது வழக்கம். அந்த நேரம் போன் எடுத்தால் அம்மாவைப் பிடிக்க ஏலாது, அதனால் நான் எப்போதும் பின்னேரம்தான் எடுப்பேன்.

அவன் சொன்னான். இங்கே வந்து ஆறு மாதத்தில் யோகம்மாக்காவின் இலக்கத்துக்கு எடுத்திருக்கிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும். பத்து வருடம். அம்மா பூசை முடிந்து அங்கே போனது அதற்குத்தான்.

"அப்ப கனடா..."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"நீங்கள் பின்னேரம் சொல்லுறதை அம்மா அடுத்த ஞாயிறு எனக்குச் சொல்லுவா. 'உன்ரை அக்கா உனக்கு ரெண்டாவது வேலையும் எடுத்துத் தந்திட்டாள். கொக்கா உன்னைக் கார் வாங்க வைச்சிட்டாள்.' ஒருக்கா கால் சுளுக்கினதெண்டு சொன்னியளாம். 'இப்ப கால் எப்பிடியடா?' எண்டு கேட்டுக் கேட்டு மனிசி சிரிச்சது. நானும் லூஸுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் எரிந்தது. பத்து வருடம் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல ஏலாமல். அம்மா "சரி பிள்ளை, சரி பிள்ளை" என்று கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா?

"ஏன் அம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நான்தான் சொல்லவேண்டாமெண்டனான். முதல் கோவம். பிறகு வெக்கம், மூட்டை தூக்கிறனெண்டு. பிறகு பழகிட்டுது. அம்மா சொன்னவ, 'அவள் நான் கவலைப்படக் கூடாதெண்டுதான் பொய் சொல்லுறாள், விடு' எண்டு."

அது சரியில்லை. அம்மாவுக்காகச் சொன்னதில்லை. நான் சொன்ன "திரும்பிப் போ" அம்மாவின் காதுக்குப் போகக் கூடாது என்று சொன்னது.

அப்போது அவன் கேட்டான், மலையைப் பார்த்துக்கொண்டே: "அண்டைக்கு அத்தான் தானே வேண்டாமெண்டவர்?"

குரலில் கோபமில்லை. எனக்கு ஒரு கதவு திறந்து வைத்தது மாதிரி இருந்தது. பதின்மூன்று வருடமாக அவன் மனதில் பழி இவர் மேல் இருந்திருக்கிறது. அது அவனுக்குச் சுகமாகவும் இருந்திருக்கும்: அக்கா இல்லை, அத்தான். ஓம் என்று ஒரு சொல் போதும். எனக்குத்தான் ஓம் சொல்லிப் பழக்கமாயிற்றே.

"இல்லை. அவருக்கு ஒண்டும் தெரியாது. நான் கேக்கவே இல்லை. நான்தான் சொன்னனான்."

எழும்பி உள்ளே போய்விட்டான்.

நான் வாசலில் இருந்தேன். குளிர் ஏறியது. லூஸ் வந்து ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, "சாப்பிட்டியளோ?" என்றா. தமிழில். அம்மா போனில் கற்றுக்கொடுத்ததாம். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேரும் "சாப்பிட்டியளோ", "ஓம்", "சாப்பிட்டியளோ", "ஓம்". அவ்வளவுதான் மாமியும் மருமகளும் கதைத்தது.

1 நவம்பர், சனி

முகில். மலை இல்லை.

காலையில் அன்ரன் முகம் தரவில்லை. கிழங்குக்குள் நின்று களை பிடுங்கினான். நான் லூஸோடு ஊதாக் கஞ்சி செய்தேன். கறுப்புச் சோள மா, நாவல் மாதிரி ஒரு சின்னப் பழம், அன்னாசி, கறுவா, கராம்பு. கிளற எனக்கு வரும், அதற்கு மொழி வேண்டாம். மணிக்கட்டு நோவைக் கண்டு அகப்பையைப் பறித்துக்கொண்டா.

மத்தியானம் அன்ரன் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினான்.

"ஊருக்குப் போ எண்டியளே அக்கா. அதைத்தான் என்னாலை... வேறை எங்கையும் போ எண்டிருந்தாலும் பரவாயில்லை."

"ஓம்."

"நான் போயிருந்தா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான் தம்பி. என்னை மன்னிச்சுக்கொள்."

அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக் குடித்துப் பார்த்தான். "சீனி காணாது" என்றான். என்னிடம்தான் சொன்னான். போட்டேன்.

2 நவம்பர், ஞாயிறு

வெயிலும் காற்றும். லூஸின் தாய் தகப்பனைப் புதைத்த சேமக்காலைக்குப் போனோம், நடந்து. கூடையில் கஞ்சி, பாண் பிள்ளைகள், கோழி, கிழங்கு. சேமக்காலை முழுக்கச் சனம், கல்லறைகளுக்கு மேல் துணி விரித்துச் சாப்பாடு. ஒருவருக்கொருவர் கிண்ணம் மாற்றிக்கொண்டு, செத்தவர்களுக்கும் ஒரு பங்கு வைத்து. அழுகிறவர்களும் இருக்கிறார்கள், வாயில் கோழியோடு. மன்னாரில் இந்த நாளுக்கு மெழுகுதிரியும் பூவும்தான். சாப்பாடு கொண்டுபோனால் சுவாமி ஏசுவார்.

லூஸ் வீட்டாரின் இரண்டு சிலுவைக்குப் பக்கத்தில் மூன்றாவது ஒன்று. நீல மரச் சிலுவை, கீழே மண்மேடு இல்லை. அதில் தமிழ்.

திரேசமமா.

அம்மா பெயர்.

"அம்மா செத்த கிழமையே நட்டது" என்றான் அன்ரன். "சந்தையிலை தோல்ப் படம் கீறுற மனிசன் எழுதித் தந்தவர். நான் கடுதாசியிலை எழுதிக் குடுத்தனான், அவர் அதைப் பாத்துக் கீறினவர். புள்ளியை ஊத்தையெண்டு நினைச்சு விட்டிட்டார் போலை. எனக்குத் திருத்த மனம் வரேல்லை. ஆரும் வாசிக்கப் போறேல்லைத்தானே."

நான் வாசித்தேன். இந்த மலையில் அதை வாசிக்கத் தெரிந்த இரண்டாவது ஆள்.

அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் மன்னாருக்குப் போனேன், கல்லறைக்கு மாபிள் போடுவித்தேன், பெயர் பொன் எழுத்தில். அங்கே இவ்வளவு அழவில்லை.

பக்கத்துக் கல்லறையில் ஒரு குடும்பம் சிலுவைக்குப் புது வெள்ளை பூசிக்கொண்டிருந்தது. லூஸ் போய்க் கேட்டுப் பெயிண்டும் ஒரு குச்சியும் வாங்கி வந்தா. என்னிடம் நீட்டினா. அன்ரனைப் பார்த்தேன். "புள்ளியை வையுங்கோ" என்றான்.

குச்சியைத் தோய்த்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். வைத்தோம்.

பிறகு சாப்பிட்டோம். நிறையச் சாப்பிட்டோம்.

5 நவம்பர், புதன். கீட்டோ விமான நிலையம்

அன்ரன் பஸ் நிலையம் வரைதான் வந்தான். நாளைக்குச் சந்தை, பயறு ஊறிக் கிடக்கிறது. ஒரு வியாழன் நின்று போகலாமே என்றான். டிக்கெட் மாற்ற ஏலாது என்றேன். ஜெர்மனிக்கு ஒருக்கா வாவன், அழைப்புக் கடிதத்துக்கு நான் ஒபீசில் நாள் எடுக்கிறேன் என்றேன்.

"வேண்டாம் அக்கா. இனி எனக்கு அங்கை என்ன?" பிறகு, "நீங்கள் வாங்கோ. அத்தானையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பையில்: பாண் பிள்ளை 2 (ஒன்று சுகன்யாவுக்கு, கழுத்து முறிந்துவிட்டது), தோலில் தீட்டிய படம் 1, காய்ந்த சோச்சோ அரைக் கிலோ. விமான நிலையத்தில் பயறுக்கு என்ன சொல்வார்களோ.

லூஸ் பஸ்ஸுக்கு வெளியே நின்று, கண்ணாடியில் தட்டி, "ஐயோ, சரி, சாப்பிட்டியளோ!" தெரிந்த தமிழ் எல்லாவற்றையும் ஒரேயடியாக.

8 நவம்பர், சனி. ஆஹென்

சாம்பல் வானம். நாலு பாகை. ஒரு கிழமைத் துணி தோய்த்தேன். மணிக்கட்டு பரவாயில்லை.

வந்ததிலிருந்து இவரிடம் சந்தையைப் பற்றியும் மலையைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லூஸ் என்ற பெயருக்கு வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவின் ஞாயிறுக் கதைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. நேற்றும் சொல்லவில்லை.

இன்றைக்குக் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தார், சப்பாத்தோடு குசினிக் கதிரையில் இருந்தார். தேநீர் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். அவன் கேட்டது, நான் சொன்னது, போனை வைத்தது, இவரிடம் மறைத்தது. பதின்மூன்று வருடம் அவன் இவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்பது. எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனியே போடவில்லை.

"ஒரு சொல்லு என்னட்டைக் கேக்கேல்லையே, ஜெசி."

"கேட்டிருந்தா வரச்சொல்லியிருப்பீங்களோ?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியாது. எனக்கும் அப்ப பயம்தான். நானும் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பனோ தெரியாது." கரண்டியை எடுத்து வைத்தார். "ஆனா நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு இனி எனக்குத் தெரியவராதே."

கோபித்துக் கத்தியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும்.

"அன்ரன்ரை நம்பரைத் தா" என்றார்.

கொடுத்தேன். கடுதாசியில் எழுதி, ஒவ்வொரு இலக்கமாகப் போனில் அமத்தினார்.

"அங்கை இப்ப விடியேல்லை. ஆறு மணித்தியாலம் பின்னுக்கு."

"எப்ப எழும்புவான்?"

"ஆறு மணிபோலை."

"அப்ப இருப்பம்."

இப்போது பதினொன்று இருபது. போனை மேசையில் நேராக வைத்துக்கொண்டு இருக்கிறார், சப்பாத்தும் கழற்றாமல். நான் அரிசி களைய வேண்டும்.